குரூப் போட்டாகிவிட்டது, பிறகு ஏன் எல்லோருக்கும் எல்லாம் தெரிகிறது?

"குரூப் எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கோம் சார். ஏசிஎல்லும் எழுதியாச்சு. ஆனாலும் வாலண்டியருக்கு எல்லா கான்டாக்டும் தெரியுது. சாஃப்ட்வேர்லதான் ஏதோ பக் போல."

பக் எதுவும் இல்லை. தொண்டு அமைப்புகள் தங்கள் தொடர்புகளின் விவரங்களைச் சேமித்து வைக்கும் மென்பொருளில், யார் எதைப் பார்க்கலாம் என்று எழுதும் விதிகள்தான் அவர் சொல்லும் ஏசிஎல் (ஆக்சஸ் கன்ட்ரோல் லிஸ்ட்). இப்படி என்னிடம் வருகிற புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அனுமதிப் பக்கத்தில் யாரோ போட்டுவிட்டு மறந்த ஒரு டிக்தான். ஒவ்வொருவருக்கும் போனில் விளக்கி அலுத்துவிட்டது. எழுதி வைத்தால் அடுத்த முறை இணைப்பையாவது அனுப்பலாம்.

இப்போது எழுத வைத்தது ஒரு தொண்டு அமைப்பின் விவகாரம். நிகழ்ச்சிக்குப் பதிவு செய்தவர்களின் பட்டியலைச் சரிபார்க்க வந்த தன்னார்வலர் ஒருவர், ஒரு பெயரைத் தேடியிருக்கிறார். அதே பெயரில் தனக்கு நன்றாகத் தெரிந்த இன்னொருவரின் பதிவு வந்து நின்றிருக்கிறது. அந்த இன்னொருவர் அங்கே மனநல ஆலோசனைக்கு வந்து போகிறவர். ஆலோசகர் எழுதிய குறிப்புகள் மொத்தமும் திறந்தபடி கிடந்தன. தன்னார்வலர் நல்ல மனிதர், உடனே அலுவலகத்தில் சொல்லிவிட்டார். அவருக்கு முன்னால் பார்த்தவர்கள் யார், என்ன படித்தார்கள் என்று கேட்டால் அங்கே பதில் சொல்ல ஆளில்லை.

நான் அதிகம் வேலை செய்வது சிவிசிஆர்எம்மில் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா போன்ற தளங்களின் மேல் உட்கார்ந்து ஓடும், தொடர்புகளின் பதிவுகளை நிர்வகிக்கும் திறமூல மென்பொருள் அது. நீங்கள் வேறு எதைப் பயன்படுத்தினாலும் பெயர்கள்தான் மாறும், சிக்கல் இதேதான்.

குரூப்பில் போட்டால் அது வேலி ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். "இளைஞர் பிரிவு குரூப்ல சேத்துட்டேன், இனிமே அவருக்கு இளைஞர் பிரிவு மட்டும்தானே தெரியணும்?" என்கிறார்கள். இல்லை. குரூப் அனுமதி என்பது கூட்டல் கணக்கு. ஏற்கெனவே இருக்கிற உரிமையோடு இன்னும் கொஞ்சத்தைச் சேர்க்கும், இருக்கிற எதையும் பிடுங்காது. ஒருவருக்கு ஐந்து ரோல் (அனுமதிகளை மொத்தமாகக் கட்டி வைத்த பொறுப்புப் பெயர்) இருந்தால் ஐந்தின் அனுமதிகளும் சேர்ந்துதான் அவருடைய அனுமதி. அதில் மிகத் தாராளமான ரோல் எதுவோ, அதுவே அவர் எவ்வளவு பார்க்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

இதில் இரண்டு அடுக்குகள் உண்டு. ஒன்று, தளத்தின் ரோல்கள். வேர்ட்பிரஸில் எடிட்டர், சப்ஸ்கிரைபர் என்று இருக்குமே, அவை. அந்த ரோல்களுக்கு எதிரே சிவிசிஆர்எம் அனுமதிகளின் நீண்ட டிக் பட்டியல் இருக்கும். இரண்டாவது, சிவிசிஆர்எம்முக்கு உள்ளேயே இருக்கும் ஏசிஎல். இன்ன குழுவினர் இன்ன தொடர்புகளைப் பார்க்கலாம், திருத்தலாம் என்று அங்கே விதி எழுதுவோம். முதல் அடுக்கில் 'வியூ ஆல் கான்டாக்ட்ஸ்' என்ற டிக் இருந்துவிட்டால், எந்தத் தொடர்பைப் பார்க்கலாம் என்ற கேள்விக்கு மென்பொருள் ஏசிஎல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், பிறகு அது எதற்கு விதிகளைத் தேட வேண்டும்? 'எடிட் ஆல் கான்டாக்ட்ஸ்' கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். எல்லா அறைக்கும் பொருந்தும் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, அறைக்கு அறை புதுப் பூட்டு மாட்டிக்கொண்டிருப்பதற்குச் சமம்.

திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் நான் சொல்லி முடித்த பிறகும் "அப்ப ஏசிஎல்ல இன்னொரு ரூல் சேக்கலாமா?" என்றுதான் கேட்கிறார்கள். விதி சேர்க்காதீர்கள். டிக்கை எடுங்கள். ஏசிஎல் வேலை செய்ய வேண்டுமானால் முதல் அடுக்கு அந்த ஆளுக்குக் காலியாக இருக்க வேண்டும். உள்ளே நுழைய 'ஆக்சஸ் சிவிசிஆர்எம்' இருந்தால் போதும். எந்தத் தொடர்பைப் பார்க்கலாம் என்பதை ஏசிஎல் பார்த்துக்கொள்ளட்டும். புதிய பதிப்புகளில் மறுக்கும் விதியும் எழுதலாம், ஆனால் அதை நம்பி அமைப்பைத் தொடங்காதீர்கள். எதையெல்லாம் மறுக்க வேண்டும் என்று பட்டியல் போட ஆரம்பித்தால் ஒன்றாவது விட்டுப்போகும்.

இது நான் கண்டுபிடித்த ஞானம் இல்லை. கணினித் தகவல் பாதுகாப்பு பற்றி 1975இல் சால்ட்சரும் ஷ்ரோடரும் எழுதிய கட்டுரையிலேயே இருக்கிறது: தொடக்கத்தில் யாருக்கும் எதுவும் இல்லை, தேவைக்கு ஏற்ப அனுமதி கொடு, வேலைக்கு வேண்டிய அளவைத் தாண்டிக் கொடுக்காதே. அரை நூற்றாண்டு ஆகிறது. 2021இல் ஓவாஸ்ப் அமைப்பு வெளியிட்ட வலைப் பயன்பாட்டு ஆபத்துகளின் பட்டியலில் முதல் இடம் அணுகல் கட்டுப்பாட்டுக் கோளாறுக்குத்தான். 2017 பட்டியலில் ஐந்தாவதாக இருந்தது, மேலே ஏறியிருக்கிறது.

அந்த டிக் எப்படி வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். புதிதாக வந்தவர் லாகின் செய்கிறார், தேடுகிறார், திரை வெறுமையாக இருக்கிறது. நிகழ்ச்சி நாளை. அலுவலகத்தில் யாரோ அனுமதிப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொன்றாக டிக் போட்டுப் பார்த்து, 'வியூ ஆல் கான்டாக்ட்ஸ்' போட்டதும் எல்லாம் தெரிந்துவிட, "ஆங், வந்துடுச்சு" என்று மூடிவிடுகிறார். அதோடு சரி. அடுத்த ஆண்டு அவர் வேலையை விட்டுப் போயிருப்பார், டிக் மட்டும் அங்கேயே இருக்கும்.

அந்த வெறும் திரைக்குக் காரணம் வேறு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பார்ப்பவர்களின் குரூப் வேறு, பார்க்கப்படுகிறவர்களின் குரூப் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் நான் அடுத்து அதிகம் பார்ப்பது. இளைஞர் பிரிவை ஒருங்கிணைப்பாளர்கள் கவனிக்கிறார்கள் என்று வையுங்கள். 'இளைஞர் பிரிவு ஒருங்கிணைப்பாளர்கள்' என்று ஒரு குரூப், அதன் வகையில் 'ஆக்சஸ் கன்ட்ரோல்' டிக். 'இளைஞர் பிரிவு உறுப்பினர்கள்' என்று தனியாக இன்னொரு குரூப், இதற்கு அந்த டிக் தேவையில்லை. பிறகு ஒரு ஏசிஎல் ரோல் (தளத்தின் ரோல் வேறு, இது வேறு) உருவாக்கி, அதை ஒருங்கிணைப்பாளர் குரூப்புக்குக் கொடுங்கள். கடைசியாக விதி: இந்த ரோலில் இருப்பவர்கள், உறுப்பினர் குரூப்பில் இருக்கும் தொடர்புகளைப் பார்க்கலாம். திருத்த வேண்டிய தேவை நிஜமாக இருந்தால் மட்டும் 'எடிட்'. விதியின் ஒரு முனையில் ஒருங்கிணைப்பாளர்கள், மறுமுனையில் உறுப்பினர்கள். இரண்டு முனையிலும் ஒரே குரூப் பெயர் வந்தால் ஒரு நிமிடம் நிறுத்தி, அதைத்தான் விரும்பினீர்களா என்று யோசியுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் திரை வெறுமையாகவே இருக்கிறதா? அந்த நபருக்கு இரண்டு தொடர்புப் பதிவுகள் இருக்கிறதா என்று பாருங்கள். குரூப்பில் சேர்வது தொடர்புப் பதிவு. லாகின் செய்வது தளத்தின் பயனர் கணக்கு. இரண்டும் இணைந்திருக்க வேண்டும். ஒரே ஆள் பழைய மின்னஞ்சலில் ஒரு பதிவாகவும் புதியதில் இன்னொன்றாகவும் இருந்து, கணக்கு ஒன்றோடும் குரூப் மற்றதோடும் ஒட்டிக்கொண்டிருந்தால், நீங்கள் எத்தனை விதி எழுதினாலும் அவருக்கு ஒன்றும் தெரியாது. பதிவுகளை ஒன்றாக்குங்கள். தயவுசெய்து அந்த டிக்கைப் போடாதீர்கள்.

ஜூம்லாக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அங்கே தளத்தின் குழுக்கள் மரம்போல ஒன்றின்கீழ் ஒன்றாக அமைந்திருக்கும், மேலே கொடுத்தது கீழே இறங்கும். மேல்மட்டத்தில் 'டினைட்' என்று வைத்துவிட்டால் கீழே எங்கே போய் 'அலவ்ட்' போட்டாலும் செல்லாது. மேலே எதையும் வைக்காமல் விட்டு, தேவையான கிளையில் மட்டும் கொடுப்பதுதான் வழி.

இனி மளமளவென்று சில.

அஞ்சல் அனுப்புவதற்கு வைத்த குரூப்பை அணுகலுக்குப் பயன்படுத்தாதீர்கள். ஒரே குரூப்புக்கு 'மெயிலிங் லிஸ்ட்', 'ஆக்சஸ் கன்ட்ரோல்' இரண்டு டிக்கும் போட மென்பொருள் விடும். விடுகிறது என்பதற்காகப் போடக் கூடாது. செய்திமடல் வேண்டாம் என்று ஒருவர் விலகினால் அவருடைய வேலை உரிமையும் சேர்ந்து போய்விடும். இன்னொரு பக்கம், அந்தக் குரூப்பின் 'விசிபிலிட்டி' 'பப்ளிக் பேஜஸ்' என்று இருந்தால், செய்திமடலுக்குத் தாமாக வந்து சேர்கிறவர் உறுப்பினர் பட்டியலையும் சேர்த்துப் பெறலாம். அணுகல் குரூப் எதுவும் பொதுப் பக்கத்தில் தலைகாட்டவே கூடாது.

'எவ்ரிஒன்' என்ற ரோலைப் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள். எவ்ரிஒன் என்றால் உங்கள் ஊழியர்கள் எல்லோரும் என்று நினைத்து விதி எழுதியிருந்த ஓர் அமைப்பைப் பார்த்திருக்கிறேன். லாகின் செய்யாமல் வந்து போகும் வழிப்போக்கரும் அதில் அடக்கம். அதே மாதிரி, லாகின் செய்யாத அனானிமஸ் பயனருக்கு 'ப்ரொஃபைல் கிரியேட்' தேவைப்படலாம், படிவம் நிரப்ப வேண்டுமே. 'ப்ரொஃபைல் லிஸ்டிங்ஸ்' எதற்கு? உறுப்பினர் பட்டியலை ஊர் உலகம் தேடிப் பார்க்கவா? தேடுபொறி அதை எடுத்துக்கொண்ட பிறகு டிக்கை எடுத்தாலும், வெளியே போனது போனதுதான்.

ஸ்மார்ட் குரூப்பை, அதாவது ஒரு நிபந்தனைக்குப் பொருந்துகிறவர்களைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும் குரூப்பை, விதிக்குப் பயன்படுத்தலாம், ஆனால் நிபந்தனை எந்தப் புலத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 'பிரிவு' என்ற புலத்தை வைத்து ஸ்மார்ட் குரூப் அமைத்து, அந்தப் புலத்தைத் திருத்தும் உரிமையையும் அந்தக் குரூப்பைப் பார்க்கிறவரிடமே கொடுத்தால், ஒருநாள் ஒரு பதிவின் பிரிவை மாற்றிச் சேமித்த கையோடு அது அவர் திரையிலிருந்து காணாமல் போகும். "டேட்டா அழிஞ்சிடுச்சு" என்று எனக்கு போன் வரும். இன்னொன்று, ஸ்மார்ட் குரூப்பின் உறுப்பினர் பட்டியலை மென்பொருள் தற்காலிகமாகச் சேமித்து வைத்துக்கொள்ளும். இயல்பாக 5 நிமிடம். மாற்றிய உடனே சோதித்துவிட்டு வேலை செய்யவில்லை என்று அடுத்தடுத்து நான்கு விஷயங்களை மாற்றாதீர்கள். தேநீர் குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

"பார்க்க மட்டும்தானே கொடுத்திருக்கோம்" என்ற நிம்மதியும் வேண்டாம். பார்க்க முடிந்தால் தேடல் முடிவுகளைத் தேர்ந்தெடுத்து எக்ஸ்போர்ட் செய்யவும் முடியும். அந்தக் கோப்பு அவருடைய மடிக்கணினிக்குப் போன பிறகு உங்கள் ஏசிஎல் அங்கே செல்லாது. ஆகவே யார் திருத்தலாம் என்று மணிக்கணக்கில் விவாதிப்பதற்கு முன், யார் பார்க்கவே வேண்டும் என்று கேளுங்கள்.

மெனுவை மறைப்பது பாதுகாப்பு ஆகாது. மெனுவில் இல்லாத பக்கத்துக்கும் முகவரி உண்டு. ஒரு தொடர்பின் பக்கத்தைத் திறந்தால் முகவரிப் பட்டியில் 'சிஐடி' என்று போட்டு ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை ஒன்று கூட்டி என்டர் தட்டுங்கள். அடுத்த ஆளின் பதிவு திறந்தால், மெனுவை எவ்வளவு அழகாக மறைத்திருந்தாலும் வீண்.

இந்தச் சோதனையை அட்மின் கணக்கில் உட்கார்ந்து செய்து, "எல்லாம் தெரியுதே" என்று எனக்கு எழுதாதீர்கள். அட்மினுக்குத் தெரியத்தான் செய்யும். ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு சோதனைக் கணக்கு வைத்துக்கொண்டு, பிரைவேட் விண்டோவில் லாகின் செய்யுங்கள். தெரிய வேண்டியது தெரிகிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். தெரியக் கூடாதது தெரியாமல் இருக்கிறதா என்று பார்ப்பவர் அரிது, சோதனையே அதற்குத்தான்.

ஆலோசனைக் குறிப்பு, உடல்நலம், குடும்ப நிலவரம் போன்றவற்றைப் பொதுவான 'நோட்ஸ்' பகுதியில் எழுதும் பழக்கத்தை நிறுத்துங்கள். அந்தத் தொடர்பைப் பார்க்க முடிந்தவர் பெரும்பாலும் அதையும் படிக்கலாம். குறிப்பை எழுதியவர் மட்டும் பார்க்கும்படி வைக்க வழி உண்டு, ஆனால் அவசரத்தில் அதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. இவற்றுக்கென்று தனியாக, நீங்களே உருவாக்கும் ஒரு கஸ்டம் புலத் தொகுதி வையுங்கள். 'ஆக்சஸ் ஆல் கஸ்டம் டேட்டா' டிக்கை மற்ற ரோல்களிலிருந்து எடுத்துவிட்டு, அந்தத் தொகுதியை ஆலோசகர்களின் ஏசிஎல் ரோலுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். ஆம், இங்கேயும் அதே 'ஆல்'தான். பட்டியலில் 'ஆல்' என்று வரும் ஒவ்வொரு டிக்கையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

ஐந்து பேர் சேர்ந்து பயன்படுத்தும் 'ஆபீஸ்' லாகினை இன்றைக்கே மூடுங்கள். யார் மாற்றினார்கள் என்று மாற்றப் பதிவேட்டைத் திறந்தால் 'ஆபீஸ்' மாற்றியதாகச் சொல்லும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

விலகிப் போனவர்களைப் பற்றித் திட்டப் போவதில்லை, வேண்டிக் கேட்கிறேன். ஒருவர் பொறுப்பிலிருந்து விலகும் நாளில், வழியனுப்பும் வேலைகளோடு சேர்த்து, அவரை அணுகல் குரூப்பிலிருந்து நீக்கி, தளத்தின் கணக்கையும் முடக்கிவிடுங்கள். அவர்மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தமில்லை. அவருடைய பழைய கடவுச்சொல் வேறு யார் கைக்குப் போகும் என்று அவருக்கே தெரியாது. எத்தனை ஆண்டுகளுக்கு முன் போனவர்கள் இன்னும் உள்ளே இருக்கிறார்கள் என்று ஒருமுறை பட்டியலைத் திறந்து பாருங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால் தாராளமாக எழுதுங்கள். ரோல்களின் அனுமதிப் பக்கத்தையும் ஏசிஎல் பட்டியலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் போதும், பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். "இதோ பாருங்க, எல்லாம் தெரியுது" என்று தொடர்புகளின் பெயரும் கைபேசி எண்ணும் நிறைந்த பக்கத்தை அனுப்பாதீர்கள். அவற்றைப் பார்க்க எனக்கும் அனுமதி இல்லை.