அந்த ஆய்வு உங்கள் குழந்தையைப் பற்றியது இல்லை

காளான் சொட்டு, எல்.எஸ்.டி. மைக்ரோடோஸ், "மூளையைத் திறந்துவிடும்" மிட்டாய். எல்லாமே சைக்கடெலிக், அதாவது பார்ப்பதையும் கேட்பதையும் உணர்வதையும் மாற்றிக்காட்டும் பொருள் என்று சொல்லி விற்கப்படுபவை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இந்தப் பெயர்களோடு என் அறைக்கு வருவது இப்போது அதிகமாகிவிட்டது. கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தால் நல்லது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். கொடுத்துவிட்டு வருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடைசியாக வந்தவன் இன்னும் பேச்சு வராத ஒரு சின்னப் பையன். இரண்டு காதையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றான். கண்ணின் பாவை முழுக்க விரிந்திருந்தது. அம்மா பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து வைத்தார். லேபிளில் "இயற்கையானது", "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று இருந்தது. உள்ளே என்ன பொருள், ஒரு சொட்டில் எவ்வளவு என்பது எங்கும் இல்லை. சொட்டுக்குழாயில் அளவுக்கோடுகூடக் கிடையாது. "மைக்ரோடோஸ்தானே டாக்டர், ரொம்பக் கொஞ்சம்தான் கொடுத்தேன்" என்றார். எதில் கொஞ்சம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

போனில் சேமித்து வைத்திருந்த செய்தியையும் காட்டினார். "ஆட்டிசத்துக்கு சைக்கடெலிக் மருந்து பலன் தருகிறது" என்று தலைப்பு. அது எந்த ஆய்வு என்று எனக்கு உடனே தெரிந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சுற்றிச் சுற்றி எல்லாரும் அதைத்தான் காட்டுகிறார்கள்.

2018-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு அது. கலந்துகொண்டவர்கள் மொத்தம் 12 பேர். அதில் 8 பேருக்கு எம்.டி.எம்.ஏ. (போதைக்காக "எக்ஸ்டஸி" என்ற பெயரில் விற்கப்படும் அதே பொருள்), 4 பேருக்கு வெற்று மருந்து, அதாவது பிளாசிபோ. 12 பேருமே வயதுவந்தவர்கள். தங்கள் மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லக்கூடியவர்கள், என்ன ஏது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு தாங்களே சம்மதித்தவர்கள். உடல் பரிசோதனை செய்து, ஆபத்து உள்ளவர்களைத் தவிர்த்து எடுத்தார்கள். மருந்து கொடுத்த நாள் முழுக்கச் சிகிச்சையாளர்கள் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். முன்னாலும் பின்னாலும் பல அமர்வுகள் உளவியல் சிகிச்சை நடந்தது.

சரி, எதைக் குறைக்கப் பார்த்தார்கள்? ஆட்டிசத்தை இல்லை. நாலு பேர் நடுவில் போகவே உடம்பு நடுங்குகிற கடுமையான சமூகப் பதற்றத்தை. அந்தப் பதற்றம் எம்.டி.எம்.ஏ. எடுத்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. நல்ல விஷயம், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஆய்வு முடிந்து வீட்டுக்குப் போனபோது அந்த 12 பேரும் ஆட்டிசம் உள்ளவர்களாகவேதான் போனார்கள். பேச்சு வரவைப்பது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவைப்பது, கை உதறுவதை நிறுத்துவது, இதில் ஒன்றைக்கூட அந்த ஆய்வு அளக்கவில்லை. குழந்தை ஒன்றுகூட அதில் இல்லை. எம்.டி.எம்.ஏ. வேறு, காளானில் இருக்கும் சைலோசைபின் வேறு. அந்த பாட்டிலுக்கும் அந்த ஆய்வுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மருந்துகளை எடுத்தவருக்கு, தான் எடுத்தது மருந்தா வெற்று மாத்திரையா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு எதிர்பார்ப்பே பாதி வேலை செய்யும். எங்கள் துறையில் இது பெரிய தலைவலி. போர், வன்முறை போன்ற அதிர்ச்சிகளுக்குப் பின் வரும் மனநோய்க்கு எம்.டி.எம்.ஏ.வை இதைவிடப் பெரிய ஆய்வுகளில் சோதித்தார்கள். அதற்கே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 ஆகஸ்டில் ஒப்புதல் தர மறுத்து, இன்னொரு ஆய்வு செய்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டது.

எதிர்பார்ப்பு என்ன செய்யும் என்பதை ஆட்டிசத்திலேயே பார்த்திருக்கிறோம். 1998-இல் செக்ரெட்டின் என்ற ஹார்மோன் ஊசி போட்டதும் சில குழந்தைகள் தேறினார்கள் என்று செய்தி வந்தது. பெற்றோர் வரிசையில் நின்றார்கள். அடுத்த ஆண்டே முறையான ஆய்வு நடந்தது. ஊசி போட்ட குழந்தைகளிடமும் முன்னேற்றம் தெரிந்தது, வெறும் உப்புநீர் போட்ட குழந்தைகளிடமும் கிட்டத்தட்ட அதே அளவு முன்னேற்றம் தெரிந்தது. "சொட்டு கொடுத்த மறுநாளே கண்ணைப் பார்த்தான் டாக்டர்" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது இந்த ஆய்வுதான்.

"குழந்தைகளுக்கு யாருமே கொடுத்துப் பார்த்ததில்லையே, கொடுத்தால்தானே தெரியும்" என்று ஒரு அப்பா வாதாடினார். கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1960-களில் நியூயார்க்கின் கிரீட்மூர் அரசு மருத்துவமனையில் லாரெட்டா பெண்டர் என்ற மனநல மருத்துவர், சின்னக் குழந்தைகளுக்கு எல்.எஸ்.டி.யை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தினமும் கொடுத்தார். வேறு சில இடங்களிலும் இப்படி நடந்தது. குழந்தைகள் கலகலப்பானார்கள் என்று சிலர் எழுதினார்கள், பலன் ஒன்றுமில்லை என்று சிலர் எழுதினார்கள். பெரும்பாலானவற்றில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. "குழந்தைப்பருவ மனச்சிதைவு" என்று அன்று சொல்லப்பட்டதையும் ஆட்டிசத்தையும் ஒன்றாகக் கலந்தே எழுதிவைத்தார்கள். உனக்கு என்ன ஆகிறது என்று அந்தக் குழந்தைகளைக் கேட்டவர் யார்? சொல்ல அவர்களில் பலருக்குப் பேச்சும் இல்லை.

எனக்கு ஆறாதது இதுதான். சைக்கடெலிக் எடுத்த பெரியவருக்கே சுவர் அசைவதுபோல் தெரியும், சத்தம் உடம்பில் குத்துவதுபோல் இருக்கும், நேரம் நின்றுவிட்டதாகத் தோன்றும். ஆனால் தான் மருந்து எடுத்திருக்கிறோம், சில மணி நேரத்தில் சரியாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். பயமாக இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லவும் முடியும். மிக்ஸி சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிற குழந்தைக்கு, காரணமே தெரியாமல் உலகம் இப்படி மாறினால்? அவன் அமைதியாக உட்கார்ந்திருந்தால் "மருந்து வேலை செய்கிறது" என்று நினைக்கிறார்கள். பயத்தில் உறைந்துபோன குழந்தையும் அமைதியாகத்தான் இருக்கும்.

ஆராய்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரியில், ஆட்டிசம் உள்ள பெரியவர்களின் மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சிறிய அளவு சைலோசைபின் கொடுத்துப் பார்க்கும் ஆய்வைத் தொடங்கினார்கள். புரிந்துகொள்வதற்கான ஆய்வு அது, சிகிச்சை இல்லை. எலிகளில் வந்த முடிவுகளும் ஆர்வத்தைத் தூண்டுபவை, ஆனால் அவை எலிகளில் வந்தவை. ஆட்டிசம் உள்ள பெரியவர் ஒருவர் தன் பதற்றத்துக்காக, அனுமதி பெற்ற ஆய்வில் தானே விரும்பிச் சேர்ந்தால் அது அவர் முடிவு, அதை மதிக்கிறேன்.

இனி, தயவுசெய்து கேளுங்கள். காளான் மிட்டாய், சொட்டு, சாக்லேட் எதையும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். 2024-இல் அமெரிக்காவில் "மைக்ரோடோஸ்" என்று விற்ற சாக்லேட்டைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு வலிப்பு வந்தது, பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சோதித்தபோது அந்தத் தயாரிப்புகளில் சிலவற்றில் வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் பிரிகாபலின் என்ற மருந்துகூட இருந்தது, லேபிளில் அது இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட வலிப்பு வரும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம், அதை மறக்காதீர்கள்.

கடும் எரிச்சலுக்கும் ஆவேசத்துக்கும் டாக்டர் எழுதித் தந்த ரிஸ்பெரிடோன் மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தால், "இது சொட்டைத் தடுக்கிறது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தியதால் தூக்கம் போய், தலையைச் சுவரில் மோதிக்கொண்டு வந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வளர்ந்த பிள்ளை மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் இன்னும் கவனம், இந்தப் பொருட்களோடு அது சேர்ந்து வலிப்பு வந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. மன அழுத்த மாத்திரைகளோடு எம்.டி.எம்.ஏ. சேர்வதும் ஆபத்து.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? இப்போதே நிறுத்துங்கள். பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதித்தாலோ, கை கால் விறைத்தாலோ, வலிப்பு வந்தாலோ, கூப்பிட்டால் அசையாமல் கிடந்தாலோ, காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். பாட்டிலையோ மேலுறையையோ கையோடு எடுத்துப் போங்கள். என்ன கொடுத்தீர்கள், எப்போது, எத்தனை முறை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ, போலீஸுக்குச் சொல்வார்களோ என்று பயந்து "ஒன்றும் கொடுக்கவில்லை" என்று சொல்லும் பெற்றோரால்தான் பிள்ளைக்குச் சிகிச்சை தாமதமாகிறது.