அண்ணிக்கு 25, எனக்கு ஏன் 5?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு அருகிலுள்ள டோங்காட்டிலிருந்து வந்திருந்த அம்மையார் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி கேட்டார்: "டாக்டர், என் மெடிக்கல் எய்டில் பணம் தீர்ந்துவிட்டதா?" மெடிக்கல் எய்ட் என்பது இங்குள்ள மருத்துவக் காப்பீடு. மார்பகப் புற்றுநோய்க் கட்டியை அறுவை செய்து எடுத்தாகிவிட்டது. கதிர்வீச்சு 5 நாள் போதும் என்று சொல்லியிருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் அவருடைய அண்ணிக்கு 25 நாள் கொடுத்தார்கள். அண்ணி இன்றும் நலமாக இருக்கிறார். அப்படியானால் தமக்குக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்குதானே என்பது அவர் கணக்கு.

டர்பனில் இந்தக் கேள்வி எனக்குப் பழகியது. வீட்டுப் பேச்சு ஆங்கிலமாகிவிட்டாலும் அண்ணி, அவ்வா, தாத்தா என்ற அழைப்புகளும் புரட்டாசி விரதமும் இங்கே நிலைத்திருக்கின்றன. நோயைப் பற்றிய செய்திகளும் அந்த உறவுகள் வழியாகத்தான் வந்து சேர்கின்றன. அண்ணியின் அனுபவத்தை எதிர்த்து வாதாட எந்த டாக்டராலும் முடியாது.

ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அண்ணிக்கு நாளைக்கு 2 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வீதம் 25 நாள், மொத்தம் 50. அடுத்து வந்த முறையில் 2.67 கிரே வீதம் 15 நாள், மொத்தம் 40. இப்போது 5.2 வீதம் 5 நாள், மொத்தம் 26.

"பார்த்தீர்களா, குறைந்துகொண்டே போகிறதே!" என்றார்.

மொத்தம் குறைகிறது, உண்மைதான். ஆனால் ஒரே தடவையில் விழும் அளவு கூடும்போது ஒவ்வொரு கிரேயும் முன்னைவிட வலுவாகத் தாக்குகிறது. சிறுசிறு அளவாகக் கொடுத்தால், அடுத்த தடவைக்குள் செல்கள் தம்மைப் பழுதுபார்த்துக்கொள்ளும். மார்பகப் புற்றுச் செல்கள் அந்த இடைவெளியை நன்றாகவே பயன்படுத்திக்கொள்பவை. பெரிய அளவில் சில தடவை கொடுப்பது அதனால்தான் ஈடுகொடுக்கிறது.

பிரிட்டனில் 4,096 பேரிடம் நடந்த ஃபாஸ்ட்-ஃபார்வர்டு ஆய்வின் ஐந்தாண்டு முடிவுகள் 2020-இல் வெளிவந்தன. அதே மார்பில் நோய் திரும்பியது, 15 நாள் பெற்றவர்களில் 2.1 விழுக்காடு, 5 நாளில் 26 கிரே பெற்றவர்களில் 1.4. என்னை அதிகம் யோசிக்கவைத்தது அதே ஆய்வின் மூன்றாவது பிரிவு. அவர்களுக்கும் 5 நாள்தான், ஆனால் மொத்தம் 27 கிரே. ஐந்தாம் ஆண்டில் மருத்துவர்கள் பரிசோதித்தபோது, மார்பு இறுகுதல், சுருங்குதல், வீக்கம் போன்ற விளைவுகள் 27 பெற்றவர்களில் 15.4 விழுக்காட்டினருக்குக் கணிசமாக இருந்தன. 26 பெற்றவர்களில் 11.9, பழைய 40-இல் 9.9. 27-க்கும் 40-க்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. 26-க்கும் 40-க்கும் அப்படிச் சொல்வதற்கில்லை. நாளைக்கு 0.2 கிரே கூடியதற்கு இவ்வளவு விலை! "பணம் கட்டுகிறேன், கொஞ்சம் கூடுதலாகவே கொடுங்கள்" என்பவர்களுக்கு நான் காட்டும் எண்கள் இவைதான்.

எல்லாருக்கும் 5 நாள் பொருந்தாது. அக்குள் நிணநீர்க் கணுக்களுக்கும் சேர்த்துக் கொடுப்பதானால் பல இடங்களில் 15-தான் வழக்கம். இளம் வயதினருக்குக் கட்டி இருந்த இடத்தில் கூடுதல் அளவு தேவைப்படலாம். இடப்பக்க மார்பென்றால் மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்தச் சொல்வோம். இதயம் கதிரின் பாதையிலிருந்து சற்று விலகும்.

ஈஸ்டர் காலத்தில் எனக்குக் கவலை அதிகம். பெரிய வெள்ளி இங்கே மாரியம்மனுக்கும் உரிய நாள். வேண்டுதலுக்கு மஞ்சள் நீராடி, கதிரைக் குறிவைக்க நாங்கள் மார்பில் போட்ட பேனாக் குறிகளையும் கழுவிக்கொண்டு வந்து நிற்பவர்கள் உண்டு. கோபித்து என்ன பயன்? வேண்டுதலின் தேதியை முன்கூட்டிச் சொன்னால் அதை ஒட்டிச் சிகிச்சையின் தேதியை வகுக்கலாம். 5 நாளில் ஒன்றைத் தவறவிட்டால் ஐந்தில் ஒரு பங்கு தவறுகிறது. அதை ஈடுசெய்தே ஆக வேண்டும்.

டோங்காட் அம்மையார் ஐந்து நாளும் தவறாமல் வந்தார். முடிந்து பத்தாம் நாள் போன் வந்தது. "டாக்டர், எல்லாம் முடிந்த பிறகு இப்போது ஏன் கருக்கிறது?" பாடப்புத்தகங்கள் தோல் சிவக்கும் என்கின்றன, நம் நிறத்தில் சிவப்பு தெரியாது, கருமையும் சூடும் அரிப்புமாகத்தான் தெரியும். முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் அது உச்சத்துக்குப் போவது இயல்பு. மிதமான சோப்பு, மணமில்லாத கிரீம் போதும். மஞ்சள் அரைத்துப் பூச வேண்டாம். தோல் உரிந்து நீர் கசிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வரவேண்டும் என்றேன்.

"அண்ணியும் இதையேதான் சொன்னார்கள்," என்றார்.