கார்செட்: தமிழில் ‘வரிகச்சு’ எனலாமா?

கார்செட்டைத் தமிழில் எழுத வேண்டி வந்தால் பலரும் ‘மார்புக்கச்சு’ என்றோ ‘இடுப்புக்கச்சை’ என்றோ போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இரண்டுமே ஒத்துவரவில்லை. மார்புக்கச்சு என்றால் இன்று பிரா, இடுப்புக்கச்சை என்றால் பெல்ட். கார்செட்டோ உடலின் நடுப்பகுதி முழுவதையும் பிடிக்கும் உடை. பல துண்டுகளாக வெட்டி இணைத்து, துணியின் இரு மடிப்புகளுக்கு நடுவே விறைப்பான பட்டைகளைச் செருகி, நாடா கோத்து இறுக்குவார்கள். பட்டையும் நாடாவும் இல்லையென்றால் அது வேறு உடை.

சொல்லின் வேர் லத்தீனின் ‘கார்பஸ்’, அதாவது உடல். பழைய பிரெஞ்சில் அது சுருங்கி, பின்னால் சிறுமை விகுதி ஒட்டி ‘கார்செட்’ ஆனது. நேர்ப்பொருள் ‘சின்ன உடல்’. இடைக்காலத்தில் உடலோடு ஒட்டிய மேலாடையைத்தான் இப்படிச் சொன்னார்கள், ஆண்களும் போட்டார்கள், உள்ளே பட்டை எதுவும் கிடையாது. பட்டை வைத்த உடை 16ஆம் நூற்றாண்டில் வந்தபோது ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘பாடீஸ்’. இரண்டு பாதிகளைச் சேர்த்துக் கட்டுவதால் பன்மை. ‘பாடிஸ்’ என்ற மேலாடைப் பெயர் பிறந்தது இதிலிருந்துதான், நம் ஊர் ஜவுளிக்கடையில் ‘பாடி’ என்று கேட்டு வாங்குவதும் அதே குடும்பம். அப்புறம் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ‘ஸ்டேஸ்’, தாங்கிப் பிடிப்பது என்ற பொருளில். 18ஆம் நூற்றாண்டு முடியும் சமயத்தில்தான் ‘கார்செட்’ இந்த உடைக்குப் பெயராகப் பரவுகிறது.

வரலாற்று உடை தைக்க வருபவருக்கு இந்தப் பெயர் வரிசை ரொம்ப முக்கியம், ஏனென்றால் பெயர் மாறும்போது வெட்டும் மாறுகிறது. ஸ்டேஸ் உடலைக் கவிழ்த்த கூம்பு போல ஆக்கி, முன்பக்கத்தைத் தட்டையாக்கி, மார்பை மேலே தூக்கும். இடையைச் சுருக்குவது அதன் முதல் வேலை அல்ல. 19ஆம் நூற்றாண்டுக் கார்செட்தான் இடையை வளைத்து உள்ளே இழுப்பது. நாடா கோக்கும் துளைகளுக்குத் துணியில் அடிக்கும் உலோகக் கண்கள் 1820களில் வந்ததால்தான் அவ்வளவு இறுக்கினாலும் துணி கிழியாமல் தாங்கியது. முன்பக்கம் கொக்கி மாட்டித் திறக்கும் உலோகப் பட்டை வந்த பிறகு பெண்கள் தாங்களே எளிதாகப் போட்டுக் கழற்ற முடிந்தது.

லண்டன் வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட் வந்த வழியைப் பார்த்தால் ஸ்டேஸுக்கும் கார்செட்டுக்கும் உள்ள இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்று புரியும். தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், பழைய உடைகளைப் பிரித்துப் பார்த்தே வெட்டு கற்றவர். 1987இல் அவர் மேலாடையாகப் போடச் சொல்லிக் கொண்டுவந்த ‘கார்செட்’ உண்மையில் 18ஆம் நூற்றாண்டு ஸ்டேஸின் வடிவம். 1990இல் பிரெஞ்சு ஓவியர் பூஷேயின் ஓவியம் ஒன்றை அதன் முன்பக்கத்தில் அச்சிட்டார், பக்கவாட்டில் இழுபடும் துணி, முதுகில் ஜிப். பழைய வடிவத்தை நன்றாகத் தெரிந்துகொண்டு, மூச்சு விட இடம் கொடுத்து மாற்றியிருக்கிறார், அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும். இப்போது நம் பொட்டிக்குகளில் தைக்கும் ‘கார்செட் பிளவுஸ்’ பலவும் இதே வழியில்தான் போகின்றன, ஜிப்பும் சில பிளாஸ்டிக் பட்டைகளும் வைத்து.

சரி, தமிழுக்கு வருவோம். ‘கச்சு’ நம்மிடம் பழைய சொல், ஆனால் பெண்களின் மார்போடு மட்டும் கட்டிப்போட்ட சொல் அல்ல. திருமுருகாற்றுப்படை முருகனைக் ‘கச்சினன் கழலினன்’ என்கிறது, அங்கே அது இடையில் கட்டுவது. ஆக, உடலை இறுக்கிக் கட்டுவதற்கெல்லாம் கச்சு பொருந்தும். இன்னொரு நல்ல சொல் ‘மெய்ப்பை’. முல்லைப்பாட்டு யவனரை ‘மெய்ப்பை புக்க’ தோற்றத்தவர் என்கிறது, அதாவது சட்டை அணிந்தவர்கள். கார்செட்டின் வேர்ப்பொருளும் உடல் என்பதால் மெய்ப்பையில் ஆசை வருவது இயல்பு, எனக்கும் வந்தது. ஆனால் மெய்ப்பை உடல் உள்ளே போகும் பை, அதில் இறுக்கம் தெரியவில்லை. அதைப் பாடிஸுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கார்செட்டுக்கு நான் சொல்வது ‘வரிகச்சு’. வரிதல் என்றால் இறுக்கிக் கட்டுதல், ‘வரிந்து கட்டிக்கொண்டு’ என்று தினமும் சொல்கிறோமே, அதே வரிதல். பட்டை செருகும் குழல்களைத் தைத்து முடித்தபின் துணி முழுக்க மேலிருந்து கீழாக வரி வரியாகத் தையல் ஓடும், அந்தப் பொருளும் தானாகச் சேர்ந்துகொள்கிறது. வினைத்தொகை என்பதால் நடுவில் ‘க்’ வராது: வரிகச்சு.

உள்ளே செருகுவதை ‘எலும்பு’ என்று மொழிபெயர்ப்பதைத் தயவுசெய்து விட்டுவிடலாம். ஆங்கிலத்தில் அதைத் திமிங்கில எலும்பு என்றாலும், அது சிலவகைத் திமிங்கிலங்களின் மேல்தாடையில் தொங்கும் தகடு, நம் நகம் எதனால் ஆனதோ அதனால் ஆனது, உடல் சூட்டில் இளகி அணிபவரின் வடிவுக்கு வளையும். இன்று அந்த இடத்தில் சுருள் எஃகும் பிளாஸ்டிக்கும் இருக்கின்றன, சொந்தமாகத் தைப்பவர்கள் பலர் மின்சாதனக் கடையில் கிடைக்கும், ஒயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் கேபிள் டையை நறுக்கி முனையைத் தேய்த்துச் செருகுகிறார்கள். எல்லாவற்றுக்கும் ‘விறைப்புப்பட்டை’ என்றால் போதும்.