விமர்சனம்: சொல்லும் பொருளும்

பாடத்தில் உள்ள ஒரு சிறுகதையைக் கொடுத்து 'விமர்சனம் எழுதி வாருங்கள்' என்றால் இரண்டு வகைத் தாள்கள்தான் வரும். ஒன்று கதைச்சுருக்கம், கடைசி வரியில் மட்டும் 'கதை மிகவும் அருமை' என்றிருக்கும். மற்றது குறைப்பட்டியல். படிக்கிற காலத்தில் நான் இரண்டாம் வகை. மிகவும் பிடித்த கதையில்கூடத் தேடித் துருவி மூன்று குறையாவது எழுதிவிட்டுத்தான் பேனாவை மூடுவேன். விமர்சனம் என்றால் அதுதான் என்ற நினைப்பு.

அந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டியதில்லை. 'கடும் விமர்சனம்', 'விமர்சனத்துக்கு உள்ளானார்' என்று செய்திகளில் நாள்தோறும் படிக்கிறோம். 'பாராட்டி விமர்சித்தார்' என்று எவராவது எழுதிப் பார்த்ததுண்டா?

சொல்லின் பிறப்பில் இந்தக் கசப்பு இல்லை. வடமொழியில் 'ம்ருச்' என்றொரு வினையடி. தொடுதல், தடவுதல் என்று பொருள். அதிலிருந்து வந்தவை விமர்சம், விமர்சனம். கையால் தடவிப் பார்ப்பது, பின் மனத்தால் தடவிப் பார்ப்பதாகி, ஆராய்தல் என்றானது. நாம் அன்றாடம் சொல்லும் 'பராமரிப்பு'கூட இதே அடியின் வழி வந்த உறவுதான். தர்சனம் தரிசனமானது போல இதையும் 'விமரிசனம்' என்று எழுதியவர்கள் உண்டு. வடமொழி நாடக இலக்கணம் கதையோட்டத்தை ஐந்து சந்திகளாகப் பிரிக்கும். நான்காவதன் பெயர் விமர்சம். கைகூடப் போகிறது என்ற நேரத்தில் தடை வந்து, என்ன ஆகுமோ என்று கதை தயங்கும் இடம் அது. வாசகனும் அங்கேதான் தயங்குவான்.

நேரான தமிழ்ச்சொல் திறனாய்வு. இதில் எனக்குப் பிடித்தது பின்பாதி. 'ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்' என்கிறது தொல்காப்பிய உரியியல். உள்ளதை நுணுக்கிக்கொண்டே போவது ஆய்தல். ஏட்டை விட்டு வந்தால், கீரை ஆய்கிறோமே, அதே சொல். ஒவ்வொரு இலையாகத் திருப்பி, பழுத்ததையும் பூச்சி அரித்ததையும் கிள்ளி ஒதுக்குகிறோம். இரண்டு இலை சொத்தை என்று கட்டோடு எறிவதுமில்லை, பார்க்காமல் அப்படியே சட்டியில் போடுவதுமில்லை. வடசொல்லைப் போல இதுவும் கைவேலையில் தொடங்கியிருப்பது தற்செயலாக இருக்கலாம், நல்ல தற்செயல்.

முன்பாதியில்தான் சிறு சிக்கல். 'தேசிய திறனாய்வுத் தேர்வு' எழுதிய பிள்ளைக்குத் திறனாய்வு என்றால் தன் திறனை யாரோ சோதிப்பது. இலக்கியத்தில் சோதிக்கப்படுவது நூலின் திறன். இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

மதிப்புரை வேறு. புதிதாக வந்த நூலைப் பற்றி, அதைப் படிக்காதவருக்காக இதழில் எழுதுவது. வகுப்பில் எல்லாரும் படித்துவிட்ட கதைக்கு அது பொருந்தாது. 'நயம் பாராட்டுக' என்று தேர்வுத்தாளில் வருவதோ பெயரிலேயே பாராட்டைக் கட்டாயமாக்கிவிடுகிறது. ஒரு சொல் குறை தேட வைக்கிறது, இன்னொன்று புகழ வைக்கிறது. பாவம், மாணவன் என்ன செய்வான்!

ஒருமுறை கைக்கு வந்த தாள் ஒன்றில் இப்படி இருந்தது: 'கிழவி கடைசிவரை கதவைத் திறக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. மறுபடி படித்தேன். தாழ்ப்பாள் துருப்பிடித்திருக்கிறது என்று முதல் பத்தியிலேயே இருக்கிறது. அவர் பல வருடங்களாகவே திறக்கவில்லை போல.' நான்கைந்து வரிதான். கதைச்சுருக்கமும் இல்லை, அருமையும் இல்லை. மேலே தலைப்பில் 'விமர்சனம்' என்று எழுதியிருந்தது. அதை நான் திருத்தவில்லை.