கோப்பைகளோடு சேர்த்து முழங்கால்களையும் எண்ணுங்கள்

பிப்ரவரி வந்தால் பள்ளி ஆண்டு விழா மேடைகளில் விளையாட்டு அறிக்கை வாசிப்பார்கள். குறுவட்டத்தில் (சுற்றுப்புறப் பள்ளிகளுக்கு இடையே நடக்கும் முதல் கட்டப் போட்டி) ஒட்டுமொத்த சாம்பியன், வருவாய் மாவட்ட அளவில் கபடியில் இரண்டாம் இடம், மாநிலத் தடகளத்துக்கு மூன்று பேர் தேர்வு, முதலமைச்சர் கோப்பையில் வெண்கலம் என்று வரிசையாக வரும். உடற்கல்வி ஆசிரியருக்குப் பொன்னாடை, பிள்ளைகளுக்குக் கைதட்டல். அந்தக் கைதட்டலுக்கு அவர்கள் முழுக்கத் தகுதியானவர்கள், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நான் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். மேடையில் பெயர் வாசிக்கப்பட்ட அதே பிள்ளைகளில் சிலர் மார்ச்சிலும் ஏப்ரலிலும் என்னிடம் வருகிறார்கள். ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலி, ஒருவருக்குக் குதிகால் தரையில் வைக்க முடியவில்லை, இன்னொருவருக்குத் தொடையின் பின்தசை இரண்டாவது முறையாகக் கிழிந்திருக்கும். இதெல்லாம் திடீரென்று வந்த காயங்கள் அல்ல. ஜூலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தவை.

எப்படிச் சேர்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆயிரம் பேர் படிக்கிற பள்ளியிலும் கோப்பை கொண்டுவருவது பெரும்பாலும் ஒரு சின்னக் கூட்டம்தான். கபடி அணியில் இருக்கிற பெண்தான் வாலிபாலிலும் இருப்பாள், அவள்தான் நூறு மீட்டர், நீளம் தாண்டுதல், ரிலேயின் கடைசி ஓட்டம். ஜூனில் பள்ளி திறந்ததும் பயிற்சி, ஜூலை, ஆகஸ்ட்டில் குறுவட்டப் போட்டி, அப்புறம் வருவாய் மாவட்டம், அதில் ஜெயித்தால் பாரதியார் தினக் குழு விளையாட்டு, குடியரசு தினத் தடகளம் என்று மாநில அளவு, நடுவில் முதலமைச்சர் கோப்பை, ஊர்க் கிளப்புக்காக ஞாயிற்றுக்கிழமை மேட்ச், ஜனவரியில் பொங்கல் விளையாட்டு, பிப்ரவரியில் பள்ளி விளையாட்டு விழா. ஒவ்வொரு விளையாட்டுக்கும் பொறுப்பான ஆசிரியரைக் கேட்டால் 'நான் வாரத்துக்கு மூன்று நாள்தான் பயிற்சி கொடுக்கிறேன்' என்பார், அது உண்மையாகவும் இருக்கும். மூன்று பேரும் சேர்ந்து கொடுத்தது எத்தனை நாள் என்பதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. அந்தக் கூட்டல் அந்தப் பெண்ணின் காலில் மட்டும்தான் நடக்கிறது.

வளரும் பிள்ளையின் கால் பெரியவர்களின் காலைப் போல இல்லை. பெண் பிள்ளைகள் சுமார் 12 வயதிலும் ஆண் பிள்ளைகள் சுமார் 14 வயதிலும் மிக வேகமாக உயர்கிறார்கள், அந்த ஒரு வருடத்தில் 8 முதல் 10 செ.மீ. வரைகூட. எலும்பு முந்திக்கொண்டு நீளும், தசை பின்னால்தான் வந்து சேரும். முழங்காலுக்குக் கீழே தசைநாண் ஒட்டுகிற இடம் இன்னும் இறுகாத வளர்ச்சிப் பகுதி. ஒவ்வொரு முறை குதிக்கும்போதும் ஓடி நிற்கும்போதும் தசைநாண் அந்த இடத்தைப் பிடித்து இழுக்கிறது, அதனால்தான் அங்கே புடைத்து வலிக்கிறது. ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று இதற்குப் பெயர். குதிகாலில் வந்தால் சீவர்ஸ். இரண்டும் வளர்ச்சி முடிந்தால் பெரும்பாலும் தானே அடங்கும், அதனால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் 'வளர்ச்சி வலிதான், ஓடினால் சரியாகிவிடும்' என்று தினமும் ஓடவிட்டால் சில வாரங்களில் அடங்க வேண்டியது பல மாதம் இழுக்கும். சட்டை பேன்ட் திடீரென்று குட்டையாகிப் போன பிள்ளைக்கு அந்தச் சில மாதங்கள் குதிப்பதையும் வேக ஓட்டத்தையும் குறையுங்கள். விளையாட்டையே நிறுத்தத் தேவையில்லை. நான் பெற்றோருக்குச் சொல்வது இது: விளையாடும்போது லேசாக வலித்து மறுநாள் காலையில் இல்லாமல் போனால் அளவு சரி, மறுநாள் காலையில் படியிறங்கும்போது நொண்டினால் நேற்றைய அளவு அதிகம்.

சுமையைக் கணக்கிட எளிய வழி இருக்கிறது. திட்டமிட்ட பயிற்சியும் போட்டியும் சேர்த்து வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பது பிள்ளையின் வயதைத் தாண்டக்கூடாது. 13 வயது என்றால் 13 மணி நேரம், அதுவும் உச்ச அளவு. வாரத்தில் ஒரு நாளாவது பயிற்சியே இல்லாத நாள். ஒரே விளையாட்டை வருடம் முழுக்க ஆடாமல் மொத்தமாக இரண்டு மூன்று மாதமாவது அதிலிருந்து விலகல், அதைப் பிரித்துப் பிரித்தும் கொடுக்கலாம். குழந்தைகள் விளையாட்டு மருத்துவத்தில் பரவலாகச் சொல்லப்படுகிற அளவுகள்தான் இவை. உடற்கல்வி ஆசிரியர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டில் பிள்ளையின் பெயர், அந்த வாரம் ஆடிய மணி நேரம், எங்கே வலி என்று மூன்று கட்டம் போட்டு எழுதினால் போதும். கிளப் மேட்ச்சையும் அதில் எழுத வேண்டும், பிள்ளைகள் அதை மறைப்பார்கள், திட்டாமல் கேட்டால் சொல்வார்கள்.

பயிற்சிக்கு முன்னால் செய்கிற வார்ம்-அப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டு, நின்றபடி காலை இழுத்துப் பிடிப்பது மட்டும் போதாது. கால்பந்துக்காக உருவாக்கிய ஃபிஃபா 11 பிளஸ் என்ற பயிற்சித் தொகுப்பு இருக்கிறது. சுமார் 20 நிமிடம், எந்தக் கருவியும் வேண்டாம், மெதுவான ஓட்டம், பிளாங்க் (முன்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராகத் தாங்கி நிற்பது), ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து முழங்கால் உள்பக்கம் சாயாமல் இறங்குவது, பின்தொடைக்கான நார்டிக் பயிற்சி (முழங்காலிட்டு, ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை மெதுவாக முன்னால் சாய்ப்பது) எல்லாம் அதில் உண்டு. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் செய்து 2008-இல் வெளியான ஆய்வில் மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கும், கடுமையான காயங்கள் ஏறக்குறையப் பாதியும் குறைந்திருந்தன. நம் கபடி, வாலிபால் பிள்ளைகளுக்கும் குதித்து இறங்குவதும் சட்டென்று திரும்புவதும்தான் வேலை, அதனால் நான் பார்க்கும் அணிகளுக்கெல்லாம் இதைத்தான் சொல்லித் தருகிறேன். வாரத்துக்கு இரண்டு முறையாவது செய்ய வேண்டும், போட்டிக்கு முந்தைய வாரம் மட்டும் செய்தால் பலன் இல்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே விளையாட்டை ஆடுகிற ஆண்களைவிட அவர்களுக்கு முழங்காலின் முன் ஜவ்வு கிழியும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல். கால் திரும்பியபோது 'டப்' என்று சத்தம் கேட்டது, சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கிவிட்டது என்றால் அதைச் சுளுக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எண்ணெய் போட்டு உருவுவது, ஸ்ப்ரே அடித்து மறுபடி இறக்குவது இரண்டும் வேண்டாம். எலும்பு மருத்துவரிடம் போங்கள். அறுவை சிகிச்சை செய்ய வேண்டிவந்தால் மறுபடி ஆடக் குறைந்தது 9 மாதம். 'அடுத்த மாவட்டப் போட்டிக்குத் தயாராகிவிடுவாளா?' என்று என்னிடம் கேட்காத பள்ளி இல்லை. சீக்கிரம் இறக்கினால் மறுபடி கிழிகிறது, பதினைந்து வயதில் இரண்டாவது முறை கிழிந்த முழங்கால் முப்பது வயதில் தேய்மானத்தோடு நிற்கும் வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, பசி. காலை ஆறு மணிப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளில் பலர் ஒரு டம்ளர் டீயோடு வருகிறார்கள். 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். மாவட்ட அளவில் ஓடுகிற எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது கிடையாது, மதியச் சத்துணவும் முட்டையும் வரும்வரை வயிறு காலி. பதினொன்றாம் வகுப்புக்குப் போய்விட்டால் சத்துணவும் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. 'முன்ன மாதிரி ஓட மாட்டேங்கிறா, சோம்பேறி ஆகிட்டா' என்று அழைத்து வருகிற பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 8, 9 என்று மிகக் குறைவாக இருப்பது எனக்குப் பழகிப்போன ஒன்று. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாமல் விழுங்க வையுங்கள், அதோடு டீ வேண்டாம். பயிற்சி முடிந்ததும் சுண்டல், வேர்க்கடலை, வாழைப்பழம், கேழ்வரகுக் கஞ்சி, எது முடியுமோ அது. முன்னாள் மாணவர்கள் கோப்பைக்கும் ஜெர்சிக்கும் பணம் கொடுக்கிறார்கள், அந்தப் பணத்தில் ஒரு பகுதி கொண்டைக்கடலைக்குப் போனால் அணிக்கு அதைவிட நல்லது வேறில்லை. மாதவிலக்கு மூன்று மாதமாக வராத வீராங்கனையை மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். கடும் பயிற்சியில் இது சகஜம் என்று விட்டுவிட்டால் எலும்பு பலவீனமாகி, ஓடி ஓடியே எலும்பில் விரிசல் விழும்.

விளையாட்டு விழா நாளைப் பற்றிச் சுருக்கமாக. சிறப்பு விருந்தினர் வரும்வரை அணிவகுப்புப் பிள்ளைகளை வெயிலில் நிற்க வைக்காதீர்கள். மயங்கி விழுந்தவர் நிழலில் படுக்க வைத்ததும் தெளிந்து, தண்ணீர் கேட்டால் பயமில்லை. உடம்பு கொதித்து, பேச்சு குழறி, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் இருந்தால் அது வெப்ப வாதம். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஐஸ் கிடைத்தால் வைத்து, விசிறிக் குளிர்விக்க வேண்டும். கபடியில் தலையோடு தலை மோதி ஒரு நொடி தடுமாறிய பிள்ளையும் அன்றைக்கு மறுபடி இறங்கக்கூடாது, இறுதி ஆட்டமாக இருந்தாலும் சரி. இறுதி ஆட்டத்துக்காக வலி ஊசி போட்டு இறக்குவதும் இன்னும் நடக்கிறது. வலி தெரியாத காலில் காயம் இன்னும் ஆழமாகத்தான் போகும்.

இவ்வளவு சுமையும் அந்தச் சின்னக் கூட்டத்தின் மேல் விழக் காரணம், மற்றவர்கள் ஆடவே இல்லை என்பதுதான். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிட்ட பள்ளியில் அந்த அறுபது நிமிடம் எங்கிருந்து வரும்? சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதில் பேருந்துச் சக்கரம் ஏறி வலது கால் சிதைந்த மாரியப்பனை, உயரம் தாண்டிப் பார் என்று இறக்கிவிட்டவர் அவருடைய பள்ளி உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். பீரியடே இல்லாத பள்ளியில் அப்படி ஒரு பிள்ளை இருப்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. பத்துப் பேர் செய்வதை நாற்பது பேர் பிரித்துச் செய்தால், அணியும் ஆழமாகும், அந்தப் பத்துப் பேரின் கால்களுக்கும் ஓய்வு கிடைக்கும்.

கடைசியாக, மார்ச். பொதுத்தேர்வு என்று பிப்ரவரி இறுதியில் பயிற்சியை அப்படியே நிறுத்திவிடுகிறார்கள். தேர்வு முடிந்ததும், தங்க வைத்துப் பயிற்சி தரும் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்கு வரச்சொல்லி அழைப்பு வரும், மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்த பிள்ளை கோடை வெயிலில் முழு வேகத்தில் ஓடும். என்னிடம் வருகிற பின்தொடைக் கிழிசல்களில் கணிசமானவை அந்த ஒரு நாளில் நடந்தவை, விடுதி வாய்ப்பும் அதோடு போய்விடுகிறது. தேர்வுக் காலத்திலும் வாரம் மூன்று நாள், அரை மணி நேரம் வீட்டுப் பக்கத்திலேயே மெதுவாக ஓடி, நார்டிக்கும் பிளாங்க்கும் செய்தால் உடம்பு விட்டுப்போகாது, படிப்பும் கெடாது. இரவு எட்டு மணி நேரம் தூங்கட்டும். தேர்வு முடிந்த மறுநாளே ஸ்டாப் வாட்ச்சை எடுக்காமல், இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக வேகத்தைக் கூட்டுங்கள். விடுதித் தேர்வு எப்போது வரும் என்பது ஒவ்வொரு வருடமும் ஏறக்குறையத் தெரிந்ததுதான், அதிலிருந்து பின்னோக்கி எண்ணி இந்த அட்டவணையை ஜனவரியிலேயே பிள்ளையின் கையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.