கீபோர்டைக் கற்பவரிடம் விட்டுவிடுங்கள்

நிரல் எழுதப் புதிதாக வந்தவர் ஒருவர், அனுபவசாலி ஒருவர், இருவருக்கும் ஒரே திரை. இதை இணை நிரலாக்கம் என்று சொல்லிக்கொள்ளும் இடங்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்: அனுபவசாலி மடமடவென்று தட்டுகிறார், புதியவர் தலையாட்டுகிறார். ஒரு மணி நேரத்தில் வேலை முடிகிறது. "புரிந்ததா?" என்ற கேள்விக்கு "புரிந்தது சார்" என்ற பதிலும் வந்துவிடுகிறது. மறுநாள் அதே மாதிரி வேலையைத் தனியாகக் கொடுத்தால் புதியவருக்குக் கை ஓடாது. அவருக்குக் கிடைத்தது ஒரு செய்முறைக் காட்சி மட்டும்தான்.

இணை நிரலாக்கம், 1990களின் இறுதியில் அமெரிக்க மென்பொருள் பொறியாளர் கென்ட் பெக் முன்வைத்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் உருவாக்க முறையால் பரவலான பழக்கம். தட்டுபவர் ஓட்டுநர், பக்கத்தில் இருந்து யோசிப்பவர் வழிகாட்டி. இருவரும் அடிக்கடி இடம் மாறிக்கொள்ள வேண்டும். கற்பிப்பதற்கு லூவெல்லின் ஃபால்கோ என்ற பயிற்சியாளர் இதை இன்னும் இறுக்கினார். ஒருவருக்குத் தோன்றும் யோசனை கணினிக்குள் போக வேண்டுமானால், அது மற்றவரின் கை வழியாகத்தான் போக வேண்டும் என்பது அவர் விதி. வழி தெரிந்தவர் கீபோர்டைத் தொடக்கூடாது. சொல்லத்தான் வேண்டும்.

எவ்வளவு சொல்வது என்பதில்தான் கற்பிப்பவரின் திறமை இருக்கிறது. மதிப்பெண்களின் சராசரியைக் கணக்கிடும் ஒரு சிறு நிரலை எடுத்துக்கொள்வோம். பட்டியல் காலியாக வந்தால் பூஜ்யத்தால் வகுக்க நேர்ந்து நிரல் நின்றுவிடும். முதலில், "மதிப்பெண் ஒன்றுகூட வராவிட்டால் இது என்ன செய்யும்?" என்று மட்டும் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால், "வகுக்கும் வரிக்கு முன்னால் ஒரு நிபந்தனை தேவைப்படுகிறது" என்று இடத்தைக் காட்டலாம். அதற்கும் கை அசையாவிட்டால்தான் அந்த வரியைச் சொல்லி எழுத வைக்க வேண்டும். பெரும்பாலான சீனியர்கள் இந்த மூன்றாம் படியிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். அங்கே ஆரம்பித்தால் புதியவர் வெறும் தட்டச்சர்.

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது இதைவிடக் கடினம். புதியவர் தவறான வரியை எழுதினால் எழுதட்டும், ஓட்டியும் பார்க்கட்டும். சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்ததும் கற்பவர்கள் செய்யும் முதல் வேலை, அதைப் படிக்காமல் நிரலுக்குத் தாவி எதையாவது மாற்றுவது. அப்போது நான் கேட்பது ஒன்றுதான்: அந்தச் செய்தியை வாய்விட்டுப் படியுங்கள். எந்தக் கோப்பு, எந்த வரி, என்ன பிழை என்று சத்தமாகச் சொல்லும்போதே பாதிப் பேர் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

இருவருக்குச் சம்பளம் கொடுத்து ஒரு வேலையா என்று மேலாளர்கள் கேட்பது நியாயம்தான். 2007இல் வெளியான ஓர் ஆய்வில் ஜாவா மொழியில் எழுதும் 295 நிரலாளர்கள் பங்கேற்றனர். 99 பேர் தனியாகவும் 98 ஜோடிகளும் ஒரே வேலைகளைச் செய்தனர். வேலையைச் சரியாக முடிக்க ஜோடிகளுக்கு ஆன மொத்த உழைப்பு 84 சதவீதம் அதிகம். ஆனால் சிக்கலான மென்பொருள் அமைப்பில் சரியான தீர்வுகளின் விகிதம் 48 சதவீதம் கூடியது. அந்தப் பலன் முக்கியமாக அனுபவம் குறைந்தவர்களுக்கே கிடைத்தது. ஆகவே எல்லா வேலைக்கும் இருவரை உட்கார வைப்பது வீண் செலவு. பழகிய, எளிய திருத்தங்களைத் தனியாகவே செய்யலாம்.

இரண்டு புதியவர்களைச் சேர்த்து உட்கார வைப்பதும் நல்லதுதான், கடிகாரம் பார்த்து இடம் மாற்றினால். இல்லாவிட்டால் தைரியசாலியே நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருப்பார். நாள் முழுக்க என்பதே தவறு. இப்படித் தொடர்ந்து பேசிக்கொண்டே யோசிப்பது தனியாக எழுதுவதைவிடச் சீக்கிரம் களைப்பாக்கும்.

இணைந்து உட்காரும் இந்த நேரத்தை ஊழியர் மதிப்பீட்டுக்குப் பயன்படுத்தும் அலுவலகங்களுக்கும் ஒரு வார்த்தை. தான் திணறுவது எங்கோ குறித்துவைக்கப்படுகிறது என்று தெரிந்துவிட்டால், புதியவர் "தெரியவில்லை" என்று சொல்வதை அன்றோடு நிறுத்திவிடுவார். அதன் பிறகு எத்தனை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அவர் எங்கே தடுமாறுகிறார் என்பது உங்களுக்குத் தெரியவராது.