பக்கவாதத்தில் காற்று இல்லை

போன வாரம் ஓர் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வலது கை மடியில் ஈரத்துணி போலக் கிடந்தது. விரல்களைப் பிரித்தால் உள்ளங்கையெல்லாம் தைல வாசம். ஒரு நாள் காலையில் கோப்பிக் குவளை கை நழுவியிருக்கிறது, வாய் கோணியிருக்கிறது. “காத்து புடிச்சிருக்கு” என்று சொல்லி இரவு வரை உருவி விட்டிருக்கிறார்கள். மறுநாள்தான் மருத்துவமனை. பினாங்கில் பிசியோதெரபி செய்யும் என்னிடம் இந்த மாதத்தில் இப்படி வந்தவர் இவரோடு மூன்று பேர்.

பிள்ளைகளை எப்படித் திட்டுவது? ஊரே அப்படித்தானே பேசுகிறது. வாதம் என்ற வடசொல்லுக்கே காற்று என்றுதான் பொருள். ஆங்கில ‘விண்ட்’டும் அதே மூலத்தில் பிறந்த சொல். வள்ளுவர் அதையே ‘வளி’ என்று சொல்லி, நோய் செய்யும் மூன்றில் முதலாவதாக வைத்தார். மலாய்க்காரர்கள் ‘அங்கின் அஹ்மார்’ என்பார்கள்: அங்கின் காற்று, அஹ்மார் அரபியில் சிவப்பு. பக்கத்து வீட்டு ஹொக்கியன் பேசும் சீனப் பாட்டி ‘தியோங் ஹோங்’ என்பார், காற்று தாக்கிவிட்டது என்று. ஆங்கிலத்தில் மட்டும் ‘ஸ்ட்ரோக்’, அதாவது அடி. மூன்று மொழியும் காற்று என்றால், கை தானாக மினியாக் அங்கின் புட்டியைத்தான் தேடும். அதற்கும் பெயர் காற்றெண்ணெய்தான்.

“எங்கப்பாவோட முட்டி வாதத்துக்கு இந்தத் தைலம் நல்லாக் கேட்டுச்சே” என்கிறார்கள். ஐயா, கீல்வாதம் மூட்டில் வருவது. இளம்பிள்ளைவாதம் ஒரு கிருமியால் வருவது. பக்கவாதம் மூளையில் ரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ வருவது. வால்பெயர் ஒன்று என்பதற்காக நோயும் ஒன்றாகிவிடாது. விழுந்துபோன கையில் எந்தக் கோளாறும் இல்லை. அதை ஆட்டுவிக்கும் இடம் தலைக்குள் சாகிறது. கையை எவ்வளவு உருவினாலும் அங்கே போய்ச் சேராது.

அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்து, அடைப்பா கசிவா என்று பார்த்தாக வேண்டும். அதனால் நீங்களாக ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். விரல் நுனியில் ஊசி குத்தி ரத்தம் எடுக்காதீர்கள். தண்ணீர்கூட வேண்டாம், விழுங்கத் தெரியாமல் நுரையீரலுக்குள் போய்விடும்.

முகம் ஒரு பக்கம் இழுக்கிறதா, ஒரு கை தூக்க வரவில்லையா, பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் மலேசிய அவசர எண் 999-ஐ அழையுங்கள். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் போங்கள். கோலாலம்பூரில் இருக்கும் மூத்த மகன் வரட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். நோயாளி கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை ஒரு தாளில் குறித்து எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.